ஏப்ரல் ஏன் விழுந்தது?

2017 ஆகஸ்டில், சென்னையில் ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடியில் வைத்து அந்தப் பொய்யைச் சொன்னேன். ஏரியா சேல்ஸ் மேனேஜர் வேலைக்கான நேர்காணல். அப்போது நான் ஒரு பிஸ்கட் கம்பெனியில் சேல்ஸ் ஆபீசர். கோவில்பட்டியும் சுற்றுப்பட்ட ஊர்களும் என் பொறுப்பு.

வெளியே சோபாவில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம். வெயிலில் கறுத்த முகம், முந்தின நாள் வாங்கிய டை, லைனுக்குப் போய்த் தேய்ந்த ஷூவுக்குப் புதுப் பாலிஷ். பேச்சும் எல்லோருக்கும் ஒன்றுதான். "இப்ப சி.டி.சி. எவ்வளவு ப்ரோ? நோட்டீஸ் எத்தனை நாள்?" உள்ளே போய் வந்தவனைச் சூழ்ந்துகொண்டு என்ன கேட்டார்கள் என்று விசாரிப்போம். அவன் உள்ளதைச் சொல்லமாட்டான். "பேனாவ விக்கச் சொன்னாங்க" என்று சிரித்துவிட்டு லிப்டுக்குப் போய்விடுவான். இத்தனை வருஷ சர்வீஸில் என்னை ஒருத்தரும் பேனா விற்கச் சொன்னதில்லை.

எல்லோர் பையிலும் ஒரே சாக்கு தயாராக இருந்தது. ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்திருந்தது. பழைய சரக்குக்குக் கட்டிய வரி முழுசாகக் கணக்கில் வருமா வராதா என்ற பயத்தில், ஜூன் மாதம் ஸ்டாக்கிஸ்ட்கள் குடோனைக் காலி செய்வதிலேயே குறியாக இருந்தார்கள். புதுச் சரக்கு எடுக்க ஆளில்லை. ஜூனில் எவனுக்கும் டார்கெட் வரவில்லை. பிடித்துக்கொள்ள நல்ல கொம்பு.

உள்ளே இருந்த ரீஜனல் மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, கடைசி பன்னிரண்டு மாதத்துக்கான என் பிரைமரியை மாதவாரியாக எழுதச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். அவர் பேனா முனை ஜூனில் நின்றதும் ஜி.எஸ்.டி. கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஜூன் எல்லாருக்கும் விழுந்தது. ஏப்ரல் ஏன் விழுந்தது?"

ஏப்ரல் ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஸ்டாக்கிஸ்டுக்குக் கம்பெனி போடும் பில்தான் பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்குப் போடுவது செகண்டரி. பிஸ்கட்டைத் தின்பவனுக்கும் பிரைமரிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் எங்கள் இன்சென்டிவ், புரமோஷன் எல்லாம் பிரைமரியில்தான். ஆகவே மார்ச் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைக் கட்டுவோம். அதற்கு 'டம்ப்' என்று பெயர்.

அந்த மார்ச் 29 அன்று சாயங்காலம் கோவில்பட்டி அண்ணாச்சியின் குடோனில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மாதம் ஒன்பது லட்சத்துக்குச் சரக்கு எடுப்பவர். ஏற்கெனவே ஏழு லட்சத்துக்கு எடுத்திருந்தார். எனக்கு இன்னும் பன்னிரண்டு லட்சம் தேவைப்பட்டது. அவர் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, இவ்வளவையும் எங்கன வைக்க?" என்றார். ஸ்கீம் வாங்கித் தருகிறேன், ஏப்ரலில் பில்லே போடமாட்டேன், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எல்லாம் வாய்வார்த்தை. அவர் ஓ.டி.யில் இருந்த பணத்துக்குச் செக் எழுதினார். எழுதும்போது தேதியை என்னிடம்தான் கேட்டார். நூற்றுக்கு ஐந்தாறு ரூபாய் மார்ஜினில் பிழைக்கிற மனுஷன், வங்கி வட்டி கட்டி என் மார்ச்சைக் காப்பாற்றினார். லாரி மறுநாள் ராத்திரி வந்தது. இடம் போதாமல் கடைசி நாற்பது பெட்டிகளை வீட்டு வராந்தாவில் அடுக்கினோம். அண்ணாச்சியின் மனைவி கோலப்பொடி டப்பாவை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு எங்களுக்கு வழி விட்டார்.

ஏப்ரல் இரண்டு லட்சம்.

நேர்காணலில் என்ன சொன்னேன் என்றால், "சார், அந்த ஸ்டாக்கிஸ்ட் வீக். முதலீடு பத்தாது. கடைகளுக்குக் கடனாகக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மாற்றச் சொல்லி மூணு மாசமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்." தடுமாற்றமே இல்லாமல் வந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். முந்தின ராத்திரி ரயிலில் ஒத்திகை பார்த்ததெல்லாம் ஜி.எஸ்.டி. பதில். இது யோசிக்காமலே வந்து விழுந்தது.

"மெயில் இருக்கா?"

"இருக்கு சார்."

காட்டச் சொல்லவில்லை. தலையாட்டிக்கொண்டே தாளில் ஏதோ குறித்தார்.

இதோடு விட்டிருந்தால் இது வெறும் நேர்காணல் பொய். அப்படிப் பொய் சொல்லாதவர்கள் எங்கள் தொழிலில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஆனால் புதுக் கம்பெனிக்காரர்கள் என் மேனேஜரிடம் விசாரித்துவிடுவார்களோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஊர் வந்த அன்றே லேப்டாப்பைத் திறந்து, இல்லாத மெயிலை எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். கோவில்பட்டி ஸ்டாக்கிஸ்டுக்கு முதலீடு பற்றவில்லை, இன்னொருவரைப் போடலாம் என்று நாலு வரி. அண்ணாச்சியின் ஜூன், ஜூலை கணக்கை ஆதாரமாகச் சேர்த்தேன். ஜி.எஸ்.டி.யால் எல்லோருக்கும் விழுந்த மாதங்கள் என்று தெரிந்தேதான் சேர்த்தேன்.

வேலை கிடைத்தது. அக்டோபரில் கிளம்பும்போது அண்ணாச்சி இரண்டு கிலோ கடலைமிட்டாய் கட்டிக் கொடுத்தார். "நம்ம தம்பி ஏ.எஸ்.எம். ஆயிட்டாருல்லா" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். பிஸ்கட்டுக்கு ஆறு மாதம்தான் ஆயுசு. மார்ச் சரக்கில் மிஞ்சியது அதற்குள் எக்ஸ்பயரி ஆகிக் கிடந்தது. அதை நான் எடுத்துக் கட்டவில்லை. எனக்குப் பிறகு வந்த பையனிடம் சொல்லவும் இல்லை. வாட் காலத்துச் சரக்கை ஜி.எஸ்.டி. காலத்தில் திருப்பினால் கணக்கில் சிக்கல் என்று கம்பெனி இழுத்தடித்ததாம். டிசம்பரில் ஊரை இரண்டாகப் பிரித்து இன்னொரு ஸ்டாக்கிஸ்டைப் போட்டார்கள். மெயின் பஜார் லைன் அவருக்குப் போனது. அண்ணாச்சிக்கு மிஞ்சியது பெட்டிக்கடைகள்.

அந்த மாதம் அவர் எனக்கு நாலு தடவை போன் போட்டார். நான் எடுக்கவில்லை. என் மெயிலைப் பற்றித் தெரிந்து கூப்பிட்டாரா, எக்ஸ்பயரி சரக்குக்காகக் கூப்பிட்டாரா, நல்லாயிருக்கீங்களா தம்பி என்று கேட்கத்தான் கூப்பிட்டாரா என்பது இன்றுவரை தெரியாது. கடைசிக் காரணமாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் அதிகம் பயந்தேன்.

இப்போது நேர்காணல் எடுப்பவன் நான். வெள்ளைத்தாளை நீட்டி, மாதவாரியாக எழுதச் சொல்கிறேன். ஏப்ரல் ஏன் விழுந்தது என்று கேட்டால், ஸ்டாக்கிஸ்ட் வீக் சார் என்று பாதிப் பேராவது சொல்கிறார்கள். மெயில் இருக்கா என்பேன். இருக்கு சார் என்பார்கள். காட்டச் சொல்லி நான் கேட்டதில்லை.