இருபத்திரண்டாம் நாள் சங்கீதம்

பாகான் நக்கோடா ஓமாரில் அன்று விடியும்போது தேதி 22. சுங்கை பெசாரைத் தாண்டி, தென்னையும் செம்பனையும் மாறி மாறி வரும் வழியில் கடல் பக்கம் திரும்பினால் இந்த மீனவர் கிராமம். நீர் வற்றி, படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு மலாய்ப் பெரியவர் வலையில் சிக்கிய நண்டின் கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். ஒடிந்தால் விலை குறையும்.

படகுத்துறை ஓரத்தில் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். ஆங்கிலிக்கன் முறையில் 150 சங்கீதங்களும் 30 நாளுக்கு, காலை மாலை என்று பிரிக்கப்பட்டிருக்கும். 22 காலைக்கு 107. பாலையில் வழி தப்பியவர், சிறைப்பட்டவர், நோயில் கிடந்தவர், கடைசியாகக் கப்பலேறிப் புயலில் தள்ளாடியவர் என நால்வகை மனிதர் கர்த்தரைக் கூப்பிடும் சங்கீதம். மீனவர் கிராமத்துக்கென்று நான் தேடி எடுத்ததல்ல. தேதி எடுத்துக் கொடுத்தது.

அச்சடித்த ஜெபத்தில் ஆவி எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மனசு வறண்ட நாளில் சொந்த வார்த்தைக்கு எங்கே போவது என்று நான் திருப்பிக் கேட்பேன். சுருக்க ஜெபம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: முதலில் கடவுளை விளிக்கும், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும், அதன் பிறகே கேட்கும், கேட்பது எதற்காக என்று சொல்லும், கிறிஸ்துவின் வழியாக என்று முடிக்கும். இறையியல் வகுப்புக்குப் போகாதவர்களும் இந்த ஒழுங்கிலேயே இறையியல் கற்றார்கள்.

மதியம் கோல சிலாங்கூர் பக்கம் இறங்கி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதலில் நடப்பட்டது இந்த மாவட்டத்தின் டென்னமாரம் தோட்டத்தில், 1917-இல். பெரியவரின் அப்பா காலத்தில் பால்மரம், இவர் காலத்தில் செம்பனை. ஞாயிறு வழிபாடு மட்டும் மாறவில்லை. 1819-இல் சென்னையில் மிஷனரி ரோட்லர் தமிழில் தந்த ஜெபப் புத்தகத்தின் வழிவந்த ஒரு பிரதி அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்தில் இருந்திருக்கிறது. மேற்கு மலேசியாவுக்கு 1973-இல் ஜான் சவரிமுத்து என்ற தமிழரே பேராயராக வந்தார். ஆனாலும் வாராவாரம் லயத்துக்கு வந்தவர் உபதேசியார்தான்.

“பாதிரியார் எப்பவாவதுதான் வருவாரு தம்பி. உபதேசியாரே காலை ஜெபம் நடத்துவாரு. பாவமன்னிப்பு கூறுற இடம் வந்தா மட்டும் வாசிக்காம தாண்டிடுவாரு. அது பாதிரியார் சொல்லணும்ல.”

அந்தத் தாண்டல் எனக்குப் பிடித்திருந்தது. மன்னிப்பு நாமே எடுத்துக்கொள்வதல்ல, ஒருவர் கொடுத்து வாங்குவது என்பதை லயத்துப் பிள்ளைகள் அந்த இடைவெளியிலேயே அறிந்திருப்பார்கள்.

22 மாலைக்கு 108-உம் 109-உம். 109-இன் நடுவில் நீண்ட சாபம். எதிரியின் பிள்ளைகள் பிச்சையெடுக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போகும். இங்கிலாந்தில் 1928-இல் திருத்திய புத்தகம் அந்த வசனங்களை விட்டுவிடலாம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டது. நாடாளுமன்றம் அந்தப் புத்தகத்தையே நிராகரித்தது வேறு கதை. சங்கீதங்களில் கிறிஸ்துவும் அவர் உடலாகிய சபையும் சேர்ந்து பேசுவதாக அகஸ்டின் வாசித்தார். அப்படியானால் அடிபட்டவனின் வயிற்றெரிச்சலும் அந்தக் குரலுக்குள் வரத்தானே வேண்டும்?

தோட்டத்தில் இதையும் வாசித்தீர்களா என்று பெரியவரைக் கேட்டேன்.

“ஏன் விடணும்? தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணிய நெனச்சுக்கிட்டு அதத்தான் சத்தமா வாசிப்போம்” என்றார்.