இனிக்கும் நஞ்சு

ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் தம் பழைய மகிழுந்தின் குளிர்விப்பு நீர்மத்தை வீட்டு வாசலிலேயே மாற்றினார். விடியற்பொழுதையே அவர் தேர்ந்தார். எந்திரம் ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தால் 100 டிகிரி செல்சியசைக் கடந்தும் கொதிக்காது அடங்கியிருக்கும் நீர்மம் பொங்கிப் பாயும் என்பதற்கு அவர்தம் முன்கைத் தழும்பே சான்று. அடியிலுள்ள திருகைத் தளர்த்தியதும் துருநிற நீர்மம் தட்டில் இறங்கியது. தெளிநீர் வரும்வரை அலசினார். கிணற்றுநீரை நிரப்பவில்லை, அதன் உப்பு குழாய்களில் காரையாகப் படியும். காய்ச்சி வடித்த நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்து ஊற்றினார்.

அதற்குள் தெருநாய் ஒன்று தட்டை முகர்ந்து நின்றது. கிளைக்கால் இனிக்கும்; சில மிடறே நாயின் சிறுநீரகத்தைச் சிதைத்துவிடும். அதட்டி விலக்கியவர், வடித்ததையெல்லாம் கலனில் அடைத்து, பணிமனையில் சேர்ப்பிக்க எடுத்துவைத்தார். சாக்கடை இரண்டடித் தொலைவில்தான் இருந்தது.