பிசிறு நீக்கும் ஊர்

நாட்டிங்காம் நகரில் போர் விளையாட்டு மினியேச்சர்கள் விற்கும் கடைக்குள் போய் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். மூடியில் உள்ள படத்தில் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் குறுக்குப் பட்டையுமாக ஒரு பட்டாளமே அணிவகுத்து நிற்கும். திறந்தால் உள்ளே சாயம் பூசாத உலோகத் துண்டுகள். ஒருவனுக்குத் தலை தனியே கிடக்கும். இன்னொருவனின் துப்பாக்கி முனை வளைந்திருக்கும். கால்களுக்கிடையே வார்ப்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். பசை தனியாக வாங்க வேண்டும். சாயமும் தூரிகையும் தனி. வேறு தொழிலில் இப்படி அரைகுறைப் பொருளை இந்த விலைக்கு விற்றால் கடைக்காரரின் சட்டையைப் பிடிப்பார்கள். இங்கே ஆவலோடு வாங்கிப் போகிறார்கள். மிச்ச வேலையைச் செய்யத்தான் காசு கொடுக்கிறார்கள்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் கல்லூரியில் எனக்கு ஜூனியர். மென்பொருள் வேலைக்காக இங்கிலாந்து போனவர், வார இறுதிகளில் இந்தச் சிப்பாய்களோடு குடித்தனம் நடத்துகிறார். ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டேன். “கிரிக்கெட் பார்க்க நான் ஒருத்தன் போதும் அண்ணே. இதுக்கு எதிர்ல ஒரு ஆள் உட்காரணும். இந்த ஊர்ல எனக்கு நண்பர்கள் கிடைச்சதே அப்படித்தான்” என்றார்.

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பெரியவர்கள் விளையாடுவது இங்கிலாந்தில் புதிதல்ல. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே வெற்றிடம் விட்டு ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அச்சில் ஊற்றிய ஈயம் ஓரங்களில் இறுகியதும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துவிடுவார்கள். ஈயம் மிச்சம், விலையும் குறைவு. அந்தச் சிப்பாய்களையும், மரக்குச்சி பாயும் சுருள்வில் பீரங்கிகளையும் தரையில் பரப்பி விளையாடியவர்களில் எச். ஜி. வெல்ஸும் ஒருவர். அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகமாகவே போட்டார். நிஜப் போரைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. மறு வருடமே நிஜப் போர் வந்துவிட்டது.

நாட்டிங்காமின் கதை அதற்கு வெகுகாலம் பின்னால் தொடங்குகிறது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1975-இல் லண்டனில் மரப்பலகை ஆட்டங்கள் செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம். அதன் ஆதரவில் நாட்டிங்காமுக்குப் பக்கத்து ஊரான நியூவார்க்கில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் பிறந்தது. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் 1983-இல் வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார்கள். மினியேச்சர் விற்க ஒரு சாக்காகப் பிறந்த விதிகள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு நிறுவனமே லண்டனை விட்டு நாட்டிங்காமுக்குக் குடிவந்தது. அங்கே வேலை பழகி வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு பட்டறை போட்டார்கள்: பெர்ரி, வார்லார்ட், மேன்டிக் என்று வரிசையாக. இந்த வட்டாரத்துக்கு ‘ஈய வளையம்’ என்று பட்டப்பெயரே உண்டு. ஊரின் பழைய தொழில்களோ போய்விட்டன. ராலே சைக்கிள் ஆலை 2002-இல் மூடப்பட்டது. சரிகைப் பின்னல் ஆலைகள் இருந்த லேஸ் மார்க்கெட் பகுதியில் இன்று மதுக்கடைகளும் அடுக்ககங்களும். பொம்மை செய்யும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்போ 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

நான் பார்க்க விரும்பியது அந்தப் பெரிய ஆலையை அல்ல. ஊர் விளிம்பில், கார் பழுதுபார்க்கும் கடைக்கும் டைல்ஸ் கிடங்குக்கும் நடுவில், பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத ஒரு வார்ப்புப் பட்டறையை. இரண்டு மூன்று சிறு நிறுவனங்களுக்கு இங்கேதான் வார்க்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் சூடேறிய ரப்பர் வாடை. சுவர் முழுக்க அலமாரிகள், அவற்றில் தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் வட்டுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்.

வார்ப்பவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர். அவருக்குப் பதிலாகக் கை பேசியது. ஒரு வட்டை எடுத்து இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இரு பாதிகளிலும் நடுவிலிருந்து ஆரக்கால்கள்போல் ஓடும் வாய்க்கால்கள், அவற்றின் நுனியில் சிப்பாய் வடிவப் பள்ளங்கள். அச்சுச் செய்வது இப்படித்தான்: வேகாத ரப்பர் வட்டுகள் இரண்டின் நடுவே மூலப் பொம்மைகளை அடுக்கி, ஒட்டாமலிருக்க டால்க் பொடி தூவி, சூட்டு அழுத்த இயந்திரத்தில் வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரப்பர் வெந்து, பொம்மையின் பொத்தான் வரை வாங்கிக்கொண்டு இறுகிவிடும். இயந்திரத்தின் பங்கு அதோடு சரி. உலோகம் ஓடும் வாய்க்காலையும் காற்று வெளியேறும் நுண்கோடுகளையும் ஒருவர் கத்தியால் கீறித்தான் ஆக வேண்டும். காற்றுக்கு வழியில்லையென்றால் உலோகம் துப்பாக்கி முனை வரை போகாது. எந்தப் பொம்மைக்கு எங்கே கீறவேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. வார்த்துப் பார்த்து, நிரம்பாத இடத்தைக் கண்டு, இன்னொரு கீறல்.

சுவாமிமலையில் மெழுகுருவின் மேல் மண் பூசிச் சுட்டு, பஞ்சலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. இங்கே அச்சு உடைவதில்லை, தேய்கிறது. நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு சூட்டில் ரப்பர் வெடிப்பு விடும். முதலில் போவது வாள், ஈட்டி, துப்பாக்கிக் கத்தி போன்ற மெல்லிய இடங்கள். அதனால் மூலப் பொம்மையைப் பத்திரப்படுத்தி, தேய்ந்த அச்சுக்குப் பதில் புதிதாக ஒன்று செய்துகொள்கிறார்கள்.

அவர் அச்சின் இரு முகங்களிலும் பொடி தட்டினார், மூடினார், சுழல் இயந்திரத்தின் தட்டில் வைத்துப் பூட்டினார். அச்சு சுழலத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த சட்டியிலிருந்து உருகிய உலோகத்தைக் கரண்டியால் மொண்டு நடுத்துளையில் ஊற்றினார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதோடு ஆன்டிமனி, பிஸ்மத் போன்றவை கலந்த கலவையை அதைவிடச் சூடாக வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஈயம்தான் அதிகம். 1990-களில் ஈய நஞ்சு பற்றிய கவலை எழுந்ததும் பலர் வெள்ளீயக் கலவைக்கு மாறினார்கள். பொம்மை விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். சுழற்சியின் விசையில் உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்ந்து பள்ளங்களை நிரப்புகிறது. கொஞ்ச நேரத்தில் தட்டு நின்றது. கையுறை போட்ட கையால் ரப்பரை வளைத்து உரித்தபோது, நடுவில் ஒரு குமிழும் அதைச் சுற்றி வட்டமாகச் சிப்பாய்களுமாக ஒரு வெள்ளிப் பூ வந்தது. ஒவ்வொருவனையும் முறுக்கிப் பிய்த்து ஒரு பார்வை. நல்லவன் பெட்டிக்குள். மூக்கு நிரம்பாதவன் நடுக்குமிழோடு சேர்ந்து மறுபடியும் சட்டிக்குள். அதற்குள் அடுத்த அச்சு தட்டில் ஏறிவிட்டது. ஒரே அச்சைத் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிப் பிசிறு அதிகமாகும் என்பதால் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்.

நீங்கள் விளையாடுவதுண்டா என்று கேட்டேன். நாள் முழுக்க இவன்களைப் பார்த்துவிட்டு ராத்திரியும் பார்க்க வேண்டுமா என்றார். மீன் பிடிக்கப் போவாராம்.

மூலப் பொம்மை செய்பவர்கள் வேறு சாதி. நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு எபாக்ஸி களிம்புகளைப் பிசைந்தால் பச்சையாகும். அது இறுகுவதற்குள், கம்பி எலும்புக்கூட்டின் மேல், பல் மருத்துவர் கருவிகளை நீரில் தொட்டுத் தொட்டு உருவம் கொண்டுவருவார்கள். ஆள் உயரமே 28 மில்லிமீட்டர். இந்தக் கலையில் பெரிய பெயர் ஆலன், மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையர்கள். 1996-இல் பிரான்ஸின் கிரெஸியில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டியபோது பீரங்கி விபத்தில் மைக்கேல் தன் வலது கையை இழந்தார். செதுக்கிப் பழகிய கை அதுதான். பிறகு இடது கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு இன்றுவரை செய்துவருகிறார். எந்தப் பொம்மை எந்தக் கையால் செய்தது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இப்போது கணினித் திரையில் செதுக்குவதும் ரெசினில் முப்பரிமாண அச்செடுப்பதும் வேகமாக வளர்ந்துவிட்டன. பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு உருக்கு அச்சு. அதற்கு முதலிலேயே ஆயிரக்கணக்கான பவுண்டு போட்டாக வேண்டும். சில நூறு பேர் மட்டும் வாங்கும் ஒரு பட்டாளத்துக்கு அது கட்டாது. ரப்பர் அச்சு பிழைத்திருப்பது அப்படிப்பட்ட சிறு பட்டாளங்களால்.

நண்பர் அன்று வாங்கிய பொட்டலத்தில் இருந்தவர்களும் அப்படிப்பட்டவர்களே. 1800-ஐ ஒட்டிய காலத்து மதராஸ் சிப்பாய்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தமிழ், தெலுங்கு, மைசூர் நாடுகளிலிருந்து சேர்ந்தவர்கள். மேலே ஆங்கிலேயரின் சிவப்புக் கோட்டு, கீழே தொடை வரை வெள்ளை அரைக்கால் சட்டை, அதன் ஓரத்தில் நீல ரம்பப்பல் கோடு, காலில் செருப்பு. வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி இவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. (மறு பாதியில் சாப்பிட மனைவி அனுமதித்திருந்தார்.) கத்தியை எடுத்துப் பிசிறு சுரண்ட உட்கார்ந்தார் நண்பர். பட்டறையில் நான் பார்த்த அதே கத்தி, மணிக்கட்டின் அதே அசைவு. அங்கே மணிக்கு இத்தனை என்று கூலி வாங்கிச் செய்யும் வேலையை இவர் விலை கொடுத்து வாங்கிவந்து செய்கிறார். இதில் ஏதோ அநியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது, இன்னும் படுகிறது. வார்ப்பவருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டியும் சம்பளமும் ஒழுங்காக இருந்தால் போதும் என்றார் அவர்.

கறுப்பு அடிப்பூச்சு காய்ந்ததும் முகத்துக்கு வருகிறார். ஒரே பழுப்பு நிறத்தை எல்லாருக்கும் அடித்துவிட்டுப் போவதுதான் அவர் விளையாடும் சங்கத்தில் வழக்கமாம். இவர் தட்டில் நாலைந்து பழுப்புகள். “எங்க வீட்டுலயே நாலு பேருக்கு நாலு நிறம். இருபத்திநாலு பேருக்கு ஒரே நிறமா இருக்கும்?” நீர்த்த கருஞ்சாயத்தை மேலே ஓட விட்டார். கண் குழிகளிலும் கோட்டு மடிப்புகளிலும் அது தேங்கியதும் பொம்மைக்கு ஆழம் வந்தது. பிறகு மேட்டுப் பகுதிகளில் வெளிர்நிறத்தைத் தொட்டு வைத்தார். ஒரு முகத்துக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

ஆட்டம் சங்கக் கூடத்தில், ஆறடிக்கு நாலடி மேசையில். அன்றைக்கு அசாயே: 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி சிந்தியாவும் போன்ஸ்லேயும் சேர்ந்த மராட்டியப் படையை எதிர்கொண்ட நாள். வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் ஆனவர். கைத்னா ஆற்றில் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். இரு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதைக் கண்டு, அப்படியானால் நடுவில் துறை இருந்தே தீரும் என்று கணித்துப் படையைக் கடத்தினார். இந்த மேசையில் நீலத் துணி ஆறு, கடற்பஞ்சு மரங்கள், அட்டைக் குடிசைகள். மராட்டியர் பக்கம் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். கம்பெனி பக்கம் நம்மவர்.

‘பிளாக் பவுடர்’ விதிகளின்படி, தளபதி தன் கட்டளையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் இரண்டு பகடைகள். அவருடைய தகுதி எண்ணுக்குள் விழுந்தால் படை நகரும். எவ்வளவு குறைவோ அவ்வளவு தூரம். மிஞ்சினால் அப்படியே நிற்கும். சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் ஆட்டம் முழுக்கப் பேச்சுதான். “மதராஸ் பட்டாளம் இரண்டும் ஆற்றை ஒட்டி முன்னேறி, இடப்புறப் பீரங்கிகளைத் தாக்கும்” என்று நம்மவர் அறிவிப்பார், பதினொன்று விழும், கூடமே சிரிக்கும். ஆசிரியர் அங்குல டேப்பை இழுத்துப் பீரங்கி எட்டும் தூரம் அளப்பார். நம்மவர் ஊதா நிறப் பகடையைக் குற்றம் சொல்வார்.

நடுவில் தேநீர் வந்தது. கோப்பைக்கு மேசையில் இடமில்லை, நாற்காலியில்தான். யாருடைய படையையும் கேட்காமல் தொடக்கூடாது. விழுந்த பொம்மையை எடுக்கும்போதுகூடச் சாயம் பூசாத அடித்தட்டில்தான் விரல் படவேண்டும். ஆசிரியர் எங்கள் சிப்பாய்களைக் குனிந்து பார்த்து முகங்களைப் பற்றிக் கேட்டார். நண்பர் பழுப்புகளின் கணக்கைச் சொன்னார். அடுத்த தடவை தன் மராட்டியர்களையும் அப்படியே மாற்றப்போவதாக ஆசிரியர் சொன்னார். ஏற்கெனவே முடித்த நூற்றுச் சொச்சம் பேரை!

நான் நிம்மதியாக ரசித்தேன் என்று சொல்ல முடியாது. நிஜ அசாயேயில் கம்பெனித் தரப்பில் மட்டும் 1,500 பேருக்கு மேல் இறந்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். அவர்களில் 74-ஆம் ஹைலாண்டர் படை அசாயே ஊரை ஒட்டி விலகிப்போய்ச் சின்னாபின்னமானது. கூலிக்குப் போன நம் ஊர்க்காரர்கள் யாருக்காகச் செத்தார்கள் என்ற கேள்வி அந்த மேசையில் எழவில்லை. தேநீர் இடைவேளையில் நான் எழுப்பினேன். ஆசிரியர் மழுப்பவில்லை. அதனால்தான் தான் எப்போதும் மராட்டியர் பக்கம் எடுப்பதாகச் சொன்னார். நல்ல பதில்தான், போதுமான பதிலா என்பது வேறு.

கூடத்தைப் பூட்ட ஆள் வந்து நின்றபோது மராட்டியப் பீரங்கிகளில் பாதி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தன. யாருக்கு வெற்றி என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அடுத்து என்ன என்பதில்தான் சர்ச்சை. ஆசிரியர் அர்காவ்ன் என்றார். அதே வருடம் நவம்பர் 29, ஏறக்குறைய அதே படைகள், புதுப் பொம்மை ஒன்றும் வேண்டாம், செலவில்லை. நம்மவருக்குப் பிடிக்கவில்லை. அசாயேயில் அசையாமல் நின்ற சிப்பாய்ப் பட்டாளங்களில் சில அர்காவ்னில் பீரங்கிச் சூட்டில் கலைந்து ஓட, வெல்லெஸ்லியே போய்த் திரட்டிக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அதற்கென்று தனி விதி வைக்க வேண்டும் என்றார் ஆசிரியர். பகடை முடிவு செய்யட்டும் என்றார் இவர். காரில் ஏறும்வரை வாதம் ஓயவில்லை.

“இவ்வளவு நாள் உட்கார்ந்து மூஞ்சி வரைஞ்சிருக்கேன் அண்ணே, விதி போட்டு ஓட வைக்கணுமாம்!” என்றார் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு தீர்வும் கண்டுபிடித்துவிட்டார். ஓடுவதற்கென்றே இன்னொரு பட்டாளம், இருபத்திநாலு பேர், நாளைக்கே ஆர்டர் கொடுத்துவிடுவாராம்.