குற்றம் பேட்டரியினுடையதா?

மோட்டார் சைக்கிளில் வரும் கோளாறுகளில், அளந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்லப்படுவது பெரும்பாலும் பேட்டரி இறங்கிப்போகும் கோளாறுக்குத்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரியை மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது வந்து சேரும் மின்சாரத்தைத் தேக்கி வைத்துக் கேட்கும்போது கொடுக்கும் சாதனம் மட்டுமே என்பதால், அது வெறுமையாகக் கிடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: தேக்கி வைக்கும் திறனை அதுவே இழந்திருக்கலாம், வந்து சேரவேண்டிய மின்சாரம் வராமல் நின்றிருக்கலாம், வந்து சேர்ந்ததை, வண்டி நிற்கும் நேரத்தில் வேறு ஏதோ ஒன்று உறிஞ்சியிருக்கலாம். இவற்றில் முதலாவது மட்டுமே பேட்டரியின் குற்றம். மற்ற இரண்டில் எதுவாயினும், புதிதாக வாங்கிப் பொருத்திய பேட்டரியும் விரைவில் அதே கதியை அடையும்.

1859இல் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் அடிப்படையே இன்றும் பெரும்பாலான இருசக்கர வண்டிகளின் பேட்டரியில் தொடர்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும் 6 செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். மின்சாரம் இறங்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது; சார்ஜ் ஏறும்போது அது மீண்டும் கரைந்துவிடும் என்றாலும், பேட்டரி நெடுநாள் அரைகுறைச் சார்ஜில் கிடந்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுக் கரையாத படிகமாகிவிடுகிறது. சல்பேஷன் எனப்படும் இந்த நிலையில் தகட்டின் பயன்படும் பரப்புக் குறைந்து, பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அதன் உள்ளேயே எழும் எதிர்ப்பு, ஏறிக்கொண்டே போகிறது. ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் வேண்டிய சில ஆம்பியர்களை அத்தகைய பேட்டரி தட்டின்றிக் கொடுத்துவிடும்; பல பத்து ஆம்பியர்களை ஒரே இழுப்பில் கேட்கும் செல்ஃப் மோட்டாரின் முன்தான் அதன் பலவீனம் வெளிப்படும். அதனால்தான் மாதக்கணக்கில் நடந்துவந்த தேய்மானம் ஒரே இரவில் நேர்ந்ததைப்போலத் தோன்றுகிறது.

இந்தத் தோற்றத்தை இன்றைய வண்டியின் அமைப்பும் வலுப்படுத்துகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் செல்ஃப் சோர்ந்தால் கிக்கரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மாதங்களை ஓட்டிவிட முடிந்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசு விதிகளையொட்டி எரிபொருள் ஊசிமுறை பரவலானபோது, பெட்ரோல் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் மின்சாரம் இன்றியமையாததாயிற்று. பல வண்டிகளில் கிக்கரே இல்லை. நல்ல நிலையிலுள்ள ஊசிமுறை எஞ்சின் சில சுற்றுகளிலேயே பற்றிக்கொள்வதால், மெலிந்த பேட்டரியும் நெடுநாள் வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ள இயலும். அது முற்றிலும் இறங்கிய பிறகு, வண்டியைத் தள்ளிக் கிளப்புவதும் பெரும்பாலும் பலிப்பதில்லை.

செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது ரிலேயிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் வந்து, மீட்டரின் வெளிச்சம் மங்கி அணைந்தால், பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் அதன் டெர்மினல்களைப் பார்க்க வேண்டும். திருகு சற்றுத் தளர்ந்திருந்தாலும், வெண்மையோ பச்சையோ கலந்த பொடி பூத்திருந்தாலும், நல்ல பேட்டரிகூடச் செத்ததைப்போல நடந்துகொள்ளும். இதைக் கண்டறிய மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈய முனைகள் மீதே வைத்து ஒருமுறையும், அவற்றோடு திருகப்பட்டுள்ள வயர்களின் வளையங்கள் மீது வைத்து மறுமுறையும், இரண்டு தடவையும் செல்ஃபை அழுத்திய நிலையில் அளக்க வேண்டும். முதல் அளவு 11 வோல்ட்டும் இரண்டாவது 8 வோல்ட்டுமாக இருந்தால், இடையிலுள்ள 3 வோல்ட்டை அந்த அழுக்கேறிய இணைப்பு விழுங்கியிருக்கிறது என்று பொருள். உப்புத்தாளும் ஸ்பேனருமே அதற்குப் போதும்.

இணைப்புகள் சரியாக இருந்தால், ஓய்வு நிலை அளவுக்கு வரலாம். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளப்பது ஏமாற்றும். தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ், இறங்கிய பேட்டரியையும் 13 வோல்ட் காட்டவைக்கும் என்பதால், சில மணி நேரம் விட்டுப் பார்ப்பதே முறை. 12.2 வோல்ட் ஏறக்குறைய பாதிச் சார்ஜையும், 12.0 ஏறத்தாழக் கால்பங்கையும் குறிக்கும். முழு இரவும் சார்ஜரில் போட்ட பின்னும் 10.5 வோல்ட்டின் அருகிலேயே நிற்கும் பேட்டரியில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கும், அதற்கு மருந்தில்லை. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃபை அழுத்தியதும் 9 வோல்ட்டுக்குக் கீழே சரிவது, முன்னே சொன்ன உள்தடையின் அடையாளம்.

பேட்டரியின் குற்றத்தையும் வண்டியின் குற்றத்தையும் பிரித்துக்காட்டும் சோதனை ஒன்று உண்டு. எளிமையினாலேயே அது புறக்கணிக்கப்படுகிறது என்பது வருந்தத்தக்கது. பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, வண்டியோடு இணைக்காமல் ஓர் இரவு தனியே வைத்து, காலையில் அளந்தால், இறங்கியிருப்பது பேட்டரி தனக்குள்ளேயே கரைந்துபோவதைக் காட்டும். தனியே இருக்கும்போது நிலையாக நின்று, வண்டியில் பொருத்தி அணைத்துவைத்த இரவில் மட்டும் இறங்கினால், வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஓரிரு இரவுப் பொறுமையைக் கேட்கும் இச்சோதனையைச் செய்யாமல் பேட்டரிக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு.

அவ்வாறு கசியும் மின்னோட்டத்தை அளக்க, சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். அப்போது செல்ஃபைத் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கடிகாரத்துக்கும் கணினியின் நினைவகத்துக்கும் ஓரிரு மில்லி ஆம்பியர் செல்வது இயல்பே. பின்னாளில் பொருத்தப்பட்ட திருட்டு அலாரமோ, இருப்பிடங்காட்டும் கருவியோ, சாவி வழியாகச் செல்லாமல் நேரடியாகப் பேட்டரியில் இணைக்கப்பட்ட மொபைல் சார்ஜரோதான் பல வண்டிகளில் பிடிபடுகிறது. 20 மில்லி ஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 4 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறிய பேட்டரியை அது 200 மணி நேரத்தில், அதாவது எட்டே நாளில், ஒட்ட உறிஞ்சிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பியவரின் வண்டி கிளம்பாததற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கே காரணம். நேர்மாறாக, மக்கள் அஞ்சும் செல்ஃப் இழுப்பு உண்மையில் சிறியது: 60 ஆம்பியர் வீதம் 3 வினாடி இழுத்தாலும் செலவாவது 50 மில்லி ஆம்பியர் மணிதான், சீரான சார்ஜிங் சில நிமிடங்களில் அதை ஈடுசெய்துவிடும்.

அந்தச் சார்ஜிங் நடக்கிறதா என்பதே எஞ்சிய கேள்வி. எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம், அதன் அருகே அசையாமலிருக்கும் ஸ்டேட்டர் காயிலில் மாறுமின்னோட்டத்தைத் தூண்டுகிறது, மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்று அழைக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் அதை நேர்மின்னோட்டமாக்கி, அளவுக்கு மிஞ்சாமல் மட்டுப்படுத்துகிறது. எஞ்சினைச் சற்று முறுக்கிப் பிடித்த நிலையில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் இப்பகுதி நலம். முறுக்கியும் 12.5ஐத் தாண்டவில்லை என்றால் காயிலோ, யூனிட்டோ, இரண்டுக்கும் இடையே சூட்டில் உருகிய பிளக்கோ பழுது. 15ஐத் தாண்டினால் யூனிட் கட்டுப்பாட்டை இழந்து பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. யூனிட்டின் உள்ளிருக்கும் டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு, பழுதானால் சார்ஜிங்கும் குறையும், அணைத்துவைத்த வண்டியில் பேட்டரி காயில் வழியாகப் பின்னோக்கிக் கசியவும் செய்யும். கசிவை அளந்துகொண்டே யூனிட்டின் பிளக்கைக் கழற்றி, மீட்டர் சட்டென்று இறங்குகிறதா என்று பார்த்தால் இது தெளிவாகும்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் அறவே கைவிடப்பட வேண்டியது. ஏற்ற இறக்கங்களை ஏந்திக்கொள்ளும் பேட்டரி விலகியதும் மின்னழுத்தம் எகிறி, பேட்டரியைவிடப் பலமடங்கு விலையுள்ள கணினியைப் பலிகொள்ளக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரியே பழுது என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஓர் அவசரம் தீங்கு செய்கிறது. அமிலம் தனியாக வரும் புதிய பேட்டரியில் அதை ஊற்றியபின், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 4 ஆம்பியர் மணிக்கு 0.4 ஆம்பியர் வீதத்தில், பல மணி நேரம் முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்பதற்காக அரைமணியில் பொருத்தி அனுப்பப்படும் பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டாமலே போகலாம். கடையில் அதை விட்டுவிட்டு மறுநாள் வந்து பெற்றுக்கொள்வதும், பொருத்திய கையோடு சார்ஜிங் வோல்ட்டை அளந்து காட்டச் சொல்வதும், பழைய பேட்டரியை அதன் ஈயம் மண்ணில் கலக்காதபடி அங்கேயே ஒப்படைப்பதும் வண்டிக்காரர் செய்யவேண்டியவை.