பெட்டியில் ஏறாத மயிலிறகு... அடி அண்ணாமலையில் ஊர் திரும்பும் வெளிநாட்டினரின் கடைசி நாள்!

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், அடி அண்ணாமலையின் வாடகை வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மொட்டை மாடிக் கொடியில் அவசரமாகக் காயும் துணிகள், கூடத்தில் வாய் திறந்து கிடக்கும் பெட்டி, அதன் மேல் ஒரு நீண்ட பட்டியல். கார்த்திகை தீபத்தையொட்டி வந்து தங்கிய வெளிநாட்டினர் ஊர் திரும்பும் நேரம் இது.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மறுபுறம், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும், அருகிலேயே மாணிக்கவாசகர் கோயிலும் இங்கே உண்டு. அவர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பார்கள். ரமணரைப் பற்றி பால் பிரண்டன் எழுதிய புத்தகம் 1934-ல் லண்டனில் வெளியானது. அதைப் படித்து அப்போதே வெளிநாட்டினர் வரத் தொடங்கினார்கள். இன்று டவுன் இரைச்சல் வேண்டாம் என்பவர்கள் அடி அண்ணாமலைப் பக்கம் வீடு பார்க்கிறார்கள்.

முதலில் காலண்டர்!

டிக்கெட் போடும்போதே பலரும் மறந்துவிடுவது பௌர்ணமியை. அன்று கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். போக்குவரத்தைத் திருப்பி விடுவதால், வாடகைக் கார் வீட்டு வாசலுக்கு வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டியதுதான். சென்னை விமான நிலையமும் பக்கத்தில் இல்லை. நான்கைந்து மணி நேரப் பயணம், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பௌர்ணமிக்கு முந்தின நாளே டவுனைத் தாண்டிவிடுவார்கள்.

டவுனுக்கு ஒரு நடை

காலையில் ஆட்டோ பிடித்தால் வேலைகள் வரிசையாக நிற்கும். தைக்கக் கொடுத்த ஜிப்பாவை வாங்க வேண்டும், தேரடி வீதியில் பேரப் பிள்ளைகளுக்கு வளையல் வாங்க வேண்டும். எடை கூடும் புத்தகங்களைத் தபால் நிலையத்தில் பார்சல் போட வேண்டும். கையில் மிச்சமிருக்கும் ரூபாயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியாவை விட்டுப் போகும்போது 25,000 ரூபாய்க்கு மேல் இந்தியப் பணம் கொண்டுபோக முடியாது.

எது போகும், எது போகாது?

பெட்டி கட்டும்போதுதான் மனசு கஷ்டப்படும். ஆசிரமத்துப் பக்கம் மயில்கள் நிறைய. தரையில் கிடந்த இறகை ஆசையாக எடுத்து வைத்திருப்பார்கள். அது ஒற்றை இறகானாலும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. சூடம் எளிதில் தீப்பற்றும், அதனால் எந்தப் பையிலும் கூடாது. காய்ந்த கொப்பரையை செக்-இன் பையில் வைக்க 2022 முதல் தடை இருக்கிறது. பழைய வெண்கலச் சிலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக சட்டம் அனுமதிப்பதில்லை.

விபூதி தாராளமாகப் போகும். ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேலான பொடி என்றால், அதை செக்-இன் பையில் வைப்பதே நிம்மதி. ருத்ராட்சம் விதை என்பதால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இறங்கியதும் அதிகாரிகளிடம் சொல்லிவிட வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ பேரனுக்கோ பிரசாதம் கொடுத்தனுப்பும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே கணக்குதான்.

பரணில் ஒரு வாளி

போகாத பொருட்களுக்கு அடி அண்ணாமலையில் ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி, கெட்டில், கொசுவலை, பழைய சைக்கிள் எல்லாம் வீட்டுக்காரரின் பரணுக்கும் கொல்லைக்கும் போகும். பெயர் எழுதி ஒட்டிய வாளி, கார்த்திகை வரை காத்திருக்கும். அரிசி, பருப்பு மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. மயிலிறகு அந்த வீட்டுக் குழந்தையின் நோட்டுக்குள் போய்விடும்.

சாயங்காலம் ஆதி அருணாசலேஸ்வரரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். வீட்டுக்காரம்மா கேட்பது ஒரே கேள்விதான்: “அடுத்த தீபத்துக்கு வந்துடுவீங்கல்ல?”

எழுபதைத் தாண்டியவர்களுக்கு அதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. விசா கிடைக்க வேண்டும், உடம்பு ஒத்துழைக்க வேண்டும். வரமாட்டேன் என்றும் சொல்ல மனசு வராது. தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறுவார்கள். மறுநாள் மாடிக் கொடி காலியாக இருக்கும். பெயர் எழுதிய வாளியை மட்டும் வீட்டுக்காரம்மா துடைத்துப் பரணில் ஏற்றி வைப்பார்.