அம்மாவின் கை ஒன்பது சதவீதம்

108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "முதலில் சம்பவ இடம் உனக்குப் பாதுகாப்பா என்று பார்" என்றது பாடம்.

பட்டாசு ஆலையிலிருந்து வந்த அம்மா, கையில் ஒட்டிய அலுமினியப் பொடியைக் கழுவியபடி கேட்டார்: "ஏய்யா, தீப்பிடிச்சா ஓடிப்போய்த் தூக்க வேணாமா?"

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தைச் சொன்னேன். தீயைக் கண்டு உதவ ஓடியவர்களும் அடுத்த வெடிப்பில் மாண்டார்கள். அம்மா பேசவில்லை.

அடுத்து தீக்காயக் கணக்கு: தலை 9 சதவீதம், ஒரு கால் 18, ஒரு கை 9. முதலுதவி, 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை, இங்க் கூடாது.

அம்மா ஈரக் கையை நீட்டினார். "இது ஒன்பதா?"

"ஆமாம்மா."

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. சரியாக எழுதினேன். அந்தக் கணக்கை அம்மாவுக்குப் போடும் நாள் மட்டும் வரவே கூடாது.