இன்னொரு சாவி எங்கே?

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன விலை என்று நான் கேட்பதில்லை. எத்தனை சாவி தருகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். காலையில் கூட நடக்கும் நண்பர்கள் இதை வைத்து என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அந்தக் கேள்வியை நான் அழுத்திக் கேட்காமல் விட்ட கதையை இன்று எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் இரண்டு நாள், காலை ஆறு மணி ஷிப்ட். துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் டவுனுக்குள் போக வேண்டும். முதலில் ஆட்டோவில்தான் போய் வந்தோம். திரும்பும்போது அவளுக்கு இருக்கும் களைப்பில் ஆட்டோவின் குலுக்கல் தாங்கவில்லை. அதனால் இந்த வயதில் ஒரு கார் வாங்கினேன். புதியது வாங்க வசதியில்லை. ஏழு வருடம் ஓடிய வண்டி, டி.என். 38 பதிவு. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் ரகம்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் காகிதத்தைக் கண்டால் கை தானாக நீளும். ஆர்.சி.யில் இருந்த சேசிஸ் எண்ணையும் வண்டியில் அடித்திருந்ததையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வங்கிக் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. எல்லாவற்றிலும் கையெழுத்தைச் சரிபார்த்தேன். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவைத் தரகருக்கே பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு சாவியை என் கையில் வைத்தார்.

"இன்னொன்று?"

"அது பழைய ஓனரு ஊட்ல இருக்குதுங்க ஐயா. ரெண்டு நாள்ல வந்துருமுங்க."

சரி என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. போன் செய்தால், "அவரு நம்பர மாத்திட்டாருங்க, கெடச்சா நானே கொண்டாந்து தர்றனுங்க" என்றார். கையில் இருக்கும் சாவி வேலை செய்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஐப்பசி மாதம் ஒரு நாள், விடியற்காலை ஐந்தே கால் மணி. நல்ல மழை. மனைவியைக் குடைக்குள் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கப் போனால், வண்டி அசையவே இல்லை. சாவியில் இருந்த பட்டனை அழுத்தினேன், துடைத்து அழுத்தினேன், உதறி அழுத்தினேன். விளக்கு மினுக்கவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தம்பி எழுந்து வந்தார். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர்.

"இதுக்குள்ள ஒரு குட்டிச் சாவி இருக்குமுங்க. அத எடுத்தா கதவத் தொறந்துக்கலாம்" என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பார்த்தால் அந்த இடம் காலி. யாரோ எப்போதோ கூட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்க வேண்டிய இரும்புச் சாவியைப் போடவில்லை.

அவர் ஒரு காசை வைத்துக் கூட்டைப் பிளந்து, உள்ளே இருந்த வட்டப் பேட்டரியைப் பார்த்தார். "ஊட்ல எட பாக்கற மெஷின் இருக்குதுங்களா?" என்று கேட்டார். டயாலிசிஸ் நோயாளி வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? தினமும் எடை பார்த்துத்தான் உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்கு வைக்கிறோம். அதிலும் அதே சி.ஆர். 2032 பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அதைத்தான் 2032 என்று எழுதுகிறார்களாம். மாற்றிப் போட்டதும் வண்டி கண் விழித்தது.

ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனோம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் காத்திருந்தார்கள். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மெஷின் அன்று மூன்றே கால் மணி நேரம்தான் ஓடியது. அன்று ராத்திரி அவளால் படுக்க முடியவில்லை. இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்த வாரம், பிரெஞ்சு வழியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பன் பாரிசிலிருந்து பேசினான். நடந்ததைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "பிளிப் எத்தனை கொடுத்தார்கள்?" எனக்குப் புரியவில்லை. நாங்கள் படித்த காலத்தில் அந்தச் சொல் கிடையாது. ரெனோ கம்பெனி 1982-இல் ஃபுயேகோ என்ற காரில், தூரத்திலிருந்து பட்டனை அழுத்திக் கதவைத் திறக்கும் வசதியைக் கொடுத்தது. அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்த அதை வடிவமைத்தவர் போல் லிப்ஷுட்ஸ். அவர் பெயரிலிருந்து வந்த 'பிளிப்' என்ற சொல்லைத்தான் பிரான்சில் இன்றும் இந்த மாதிரி சாவிக்குச் சொல்கிறார்கள். "அங்கே பழைய வண்டி வாங்கும்போது இரண்டு பிளிப் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு" என்றான்.

அடுத்த நாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பொறுமையாக விளக்கினான். சாவிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கதவைத் திறக்கும் ரேடியோவுக்குப் பேட்டரி வேண்டும். எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கும் சின்னச் சில்லுக்குப் பேட்டரி வேண்டாம். வண்டியில் இருக்கும் சுருள் கம்பியிலிருந்தே அதற்குச் சக்தி கிடைத்துவிடும். அதனால் பேட்டரி செத்திருந்தாலும் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் என் வண்டி கிளம்பும். திருட்டைத் தடுக்க இந்தச் சில்லுப் பூட்டை ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அம்பாசிடர் காலத்தில் போல, ரோட்டோரம் குடை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து ஒரு சாவியை ராவி வாங்கிவிட இப்போது முடியாது. வெட்டிய சாவியை வண்டியின் கம்ப்யூட்டரிலும் பதிய வேண்டும்.

பிறகு அவன் தன் கருவியை வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு சாவி பதிஞ்சிருக்குதுங்க சார். இன்னொண்ணு யார்கிட்ட இருக்குதுங்க?" என்றான்.

வயிற்றில் ஏதோ புரண்டது. எட்டு மாதமாக என் வண்டி வாசலில், தெருவிளக்கின் கீழ், யாரோ ஒருவர் பையில் சாவி இருக்க நின்றிருக்கிறது. திருடு போயிருந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொல்லும். ஒன்றை மட்டும் நீட்டி நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

பழைய பதிவுகளை அழித்து, என் சாவியையும் ஒரு புதுச் சாவியையும் பதிந்து கொடுத்தார்கள். குட்டிச் சாவியோடு சேர்த்து 14,000 ரூபாய் ஆயிற்று. அப்போதும் அந்தப் பையன் ஒன்று சொன்னான்: காணாமல் போன சாவியால் இனி வண்டியைக் கிளப்ப முடியாது; ஆனால் அதன் இரும்புச் சாவி கதவைத் திறக்கும். அதற்கும் பயந்தால் கதவுப் பூட்டையே மாற்ற வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு சாவியையும் கேளுங்கள். ஒன்றை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, மற்றதால் பூட்டி, திறந்து, டிக்கியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டும் அருகில் இருந்தால் எது வேலை செய்கிறது என்று தெரியாது. உள்ளே இருக்கும் இரும்புச் சாவியை உருவி, டிரைவர் பக்கக் கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சாவிதான் உண்டு என்றால், புதுச் சாவிக்கு ஆகும் செலவை அங்கேயே கேட்டு, விலையில் கழியுங்கள். எத்தனை சாவி வாங்கினீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கி, பேரக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து.

இதில் எனக்கு வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. ஆபீசில் ரொக்கப் பெட்டிக்கு இரண்டாவது சாவி உண்டு. அதை உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கருவூலத்தில் கொடுத்து வைப்போம். வருடம் ஒரு முறை வாங்கி, பெட்டியில் போட்டுத் திருப்பிப் பார்த்து, புது முத்திரை வைத்துத் திருப்பி அனுப்புவோம். அந்த ரிஜிஸ்டரைப் பல வருடம் எழுதியவன் நான். சர்க்கார் பணத்துக்கு அத்தனை கவனம்; மனைவியை ஏற்றிப் போகும் வண்டிக்கு "ரெண்டு நாள்ல வந்துரும்" என்ற பேச்சே போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது புதுச் சாவி ஒட்டிய கவரில், தேதியும் கையெழுத்தும் போட்டு, பீரோவில் இருக்கிறது. ஏப்ரல் மாதம் பிரித்து, வண்டியில் போட்டுப் பார்த்து, வேறு கவரில் ஒட்டி வைக்கிறேன். போன ஏப்ரலில் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் எடை மெஷினுக்கும் ஒரு பேட்டரி வாங்கி வைங்க. அடுத்த தடவை கடன் தரமாட்டேன்" என்றாள்.

வாங்கி வைத்திருக்கிறேன்.